ஏழரை மில்லி

மனைவிக்குக் கேள்வி வாசித்துக் காட்டும் வேலை பஸ் ஓட்டுநரின் தலையில் தானாக வந்து விழுந்தது. பரிசோதனைக் கூடத்தின் வரவேற்பு மேசையிலிருந்து அவள் நான்கரைக்கு வீடு திரும்புவாள். ஐந்து மணிக்கு இருவரும் சமையலறை மேசையில் உட்காருவார்கள். நடுவில், ஆயிரத்து இருநூறு மாதிரிக் கேள்விகள் கொண்ட தலையணைப் புத்தகம்.

அவள் வேறு நாட்டில் டாக்டருக்குப் படித்துத் தேறியவள். கல்யாணமாகி வந்த இந்த நாட்டிலோ, உரிமத் தேர்வு எழுதாமல் ஒரு ஊசிகூடப் போட முடியாது. பிள்ளைகளைப் பெற்று வளர்த்ததில் பதினோரு வருஷம் ஓடிவிட்டது. போன வருஷம் எழுதியதில் ஒன்பது மதிப்பெண்ணில் கைநழுவியது. இருநூறு கேள்விகளில் இருபத்தெட்டைத் தொடவே நேரமில்லை.

ஏன் என்பது முதல் நாளே அவருக்குப் புரிந்தது.

“எழுபது வயசுப் பெரியவர். மூணு நாளா தலைசுத்தல். ரெண்டு தடவை விழுந்துட்டாரு...”

“வீட்ல தனியாவா இருக்காருங்க?”

“அது போடலையே.”

“விழுந்தப்போ யாரு தூக்கிவிட்டாங்க?”

“அம்மா தாயே, இருக்கறது நாலு விடை. அதுல ஒண்ணைச் சொல்லு!”

புத்தகத்தில் வரும் ஆளையும் அவள் எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளியாகத்தான் பார்த்தாள். அவர் தம் தொழில் கற்றுத்தந்ததைச் சொன்னார்: “ஸ்டாப்புக்கு ஸ்டாப் நலம் விசாரிச்சா வண்டி போய்ச் சேராது. ஏத்தணும், கிளம்பணும். கேள்விக்கு ஒரு நிமிஷம்தான்.” கைபேசியில் மணி வைத்தார். மருந்துப் பெயர்களில் அவர் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். அவர் முடிப்பதற்குள் அவள் விடையே சொல்லிவிடும் நாளும் வந்தது.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில் அந்தக் கேள்வி வந்தது. பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம் மருந்து வேண்டும். சிரப்பில் ஐந்து மில்லிக்கு நூற்றிருபது மில்லிகிராம் இருக்கிறது. எத்தனை மில்லி கொடுப்பாய்?

“ஏழரை.”

அவர் பின்பக்கம் புரட்டினார். “தப்பு. பதினஞ்சு.”

அவள் தாளை இழுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினாள். பள்ளிக்கூடக் கணக்குதான், அவருக்கே புரிந்தது. ஏழரைதான்.

கூடப் படிக்கும் தோழி தொலைபேசியில் சிரித்தாள். “ஊரே படிக்கிற புத்தகம் தப்பு, நீ மட்டும் சரியா? சும்மா ஏழரையைக் கூட்டாம அடுத்த கேள்விக்குப் போ.”

அவரும் அதையேதான் சொன்னார்.

“இதை நெட்டுரு போட்ட யாராவது ஒரு குழந்தைக்கு ரெண்டு மடங்கு ஊத்திட்டா? அப்புறம் எந்தக் கேள்விக்குங்க போறது?” என்றாள்.

அவர் புத்தகத்தை மூடி வைத்தார்.

பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினாள், பதில் வரவில்லை. மறுபடி எழுதினாள். பிறகு மதிய உணவு வேளையில் தினமும் தொலைபேசியில் பிடித்தாள். “குறிச்சுக்கிட்டோம் மேடம்” என்று கிளிப்பிள்ளையாகச் சொன்னார்கள். “குறிச்சா போதாதுங்க, திருத்தணும்” என்று உடும்புப்பிடியாக நின்றாள்.

அவருக்கு உள்ளுக்குள் பதைப்புதான். ஒவ்வொரு நிமிஷத்துக்கும் மணி வைத்துப் படிக்கிற நேரத்தில் இது தேவையா? ஆனாலும், ஒன்பது மதிப்பெண்ணில் தோற்றவள் தன் மதிப்பெண்ணை மறந்து, முகம் தெரியாத பிள்ளைக்காக மல்லுக்கட்டுவதைப் பார்க்கப் பார்க்க, இத்தனை வருஷம் யாரோடு குடும்பம் நடத்தினோம் என்பதே இப்போதுதான் தெரிவதுபோல் இருந்தது.

தேர்வுக்கு ஐந்து நாள் முன்பு பதில் வந்தது. தவறு தங்களுடையது, புத்தகம் வாங்கிய அனைவருக்கும் திருத்தம் அனுப்பிவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள். அன்றே தோழியும் கூப்பிட்டாள். “மன்னிச்சுக்கடி. நான் பதினஞ்சுன்னுதான் மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன்.”

தேர்வு நாளில் அவர் வாசலிலேயே காத்திருந்தார். அவள் வெளியே வந்ததும், “எத்தனை விட்டே?” என்றார்.

“ஒண்ணுகூட விடலைங்க.”

முடிவு வந்தபோது அவர் பணிமனையில் இருந்தார். கைபேசியைக் காதில் வைத்தபடியே பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நேரக் கண்காணிப்பாளர் பதறிப்போய் வந்தார்.

“என்னய்யா, யாருக்கு என்ன?”

“வீட்டுக்காரி டாக்டர் ஆயிட்டா.”

“அவங்க முன்னாடியே டாக்டர்னு சொன்னியே?”

“எப்பவுமே டாக்டர்தான் சார். இப்ப கவர்மெண்டுக்கும் தெரிஞ்சுபோச்சு.”