பேச இடமில்லாத விளையாட்டு

தூத்துக்குடி பீச் ரோட்டில் இருந்த அந்தக் கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் காலை டீ வந்துவிட்டால் எல்லோருடைய நாற்காலியும் ரீனாவின் மேசைப் பக்கம் திரும்பும்.

"ரீனாக்கா, இன்னைக்கு என்ன கேம்?"

அலுவலகக் கம்ப்யூட்டரில் எதையும் இறக்கி வைக்க முடியாது. பிரவுசரில் திறந்து அப்படியே விளையாடுகிற இலவச விளையாட்டுகள்தான் ஓடும். அவற்றைத் தேடிப் பிடிப்பதில் ரீனாவை மிஞ்ச ஆளில்லை. அதற்கு அவள் சில கணக்குகள் வைத்திருந்தாள். காசு கேட்கக் கூடாது. பேர், ஊர், மெயில் என்று குடைந்தெடுக்கக் கூடாது. டீ ஆறுவதற்குள் ஒரு ஆட்டம் முடிய வேண்டும். மேனேஜர் சிவசுப்பிரமணியன் சட்டென்று வெளியே வந்தால், பாதியில் மூடிவிட்டோமே என்று மனசு கிடந்து அடிக்கக் கூடாது.

ஆளைப் பார்த்துத்தான் விளையாட்டைச் சொல்வாள். சரக்குச் சீட்டில் தப்பு விட்டுத் திட்டு வாங்கி வந்த பெனிஷாவுக்குப் பலூன் உடைக்கிற விளையாட்டு. கொட்டாவி விடுகிறவனுக்குப் பாம்பு. பக்கத்து மேசைச் சந்தனச்செல்விக்கு ஒரே நிறக் குமிழிகளைச் சேர்க்கிறது போதும். "வேற எதுவும் என் மண்டையில ஏறாதுக்கா" என்பாள். மேனேஜரே கண்ணாடிக் கதவுக்கு அந்தப்புறம் எண்களை நகர்த்திச் சேர்க்கிற விளையாட்டு ஆடுகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதையும் சொல்லிக் கொடுத்தவள் ரீனாதான்.

உண்மையில் அவள் இதையெல்லாம் தேட ஆரம்பித்தது அலுவலகத்துக்காக இல்லை, டெரன்ஸுக்காக.

டெரன்ஸ் அவள் கணவன். சரக்குக் கப்பலின் இன்ஜின் ரூமில் எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொள்கிற ஆயிலர். கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் கப்பலேறினான். நடுக்கடலில் வீடியோ காலில் முகம் வருவதற்குள் குரல் போய்விடும். குரல் வந்தால் முகம் உறைந்து நிற்கும். வாட்ஸ்அப் செய்தி மட்டும் எப்படியாவது வந்து சேரும். "சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன்" என்பதற்கு மேல் என்ன எழுதுவது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. ஒருநாள் ரீனா ஒரு லிங்க் அனுப்பினாள். புள்ளிகளை இணைத்துக் கட்டம் கட்டுகிற விளையாட்டு. இவள் ஒரு கோடு போட்டு வைத்தால், அவன் எப்போது நெட் கிடைக்கிறதோ அப்போது ஒரு கோடு போடலாம். அன்று அவன் தோற்றான். "ஏளா, நீ கள்ள ஆட்டம் ஆடுத" என்று எழுதினான். பிறகு நாய்க்குட்டி எப்படியிருக்கிறது, தன் அண்ணன் பவுல் மீன்பிடிப் படகுக்கு இன்ஜின் மாற்றிவிட்டானா, அம்மாவுக்கு முட்டுவலி எப்படி என்று பேச்சு தானாக வந்தது. கோட்டுக்கு ஒரு செய்தியாக, அந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டார்கள்.

ஊருக்கு வந்துவிட்டு இந்தத் தடவை அவன் மறுபடி கப்பலேறும்போது ரீனா மாசமாக இருப்பது இருவருக்கும் தெரியாது. கப்பல் பிரேசில் பக்கம் போன பிறகுதான் தெரிந்தது. "பிரசவத்துக்கு முன்னாடி வந்துருவேன்ளா" என்றான். தேதிகூட ஒத்துவந்தது.

ஏழாம் மாதத்தில் ஒருநாள் அலுவலகத்தில், குழந்தை காலையிலிருந்து அசையவில்லையே என்று ரீனாவுக்கு உறைத்தது. குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பார்த்தாள். இடப்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தாள். சந்தனச்செல்விதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். மாமியார் இசபெல்லா வீட்டிலிருந்து ஓடி வந்தாள். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்போதே ரீனாவுக்குத் தெரிந்துவிட்டது.

"ஹார்ட் பீட் இல்லம்மா."

வலி வரவழைத்து மறுநாள் பெற்றாள். பெண். சிறிய உடம்பு, ஆனால் எல்லாம் முழுசாக இருந்தது. நர்ஸ் துணியில் சுற்றிக் கொடுத்ததை ரீனா கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாள். பிறகு இசபெல்லா வாங்கி, நெற்றியில் சிலுவை போட்டு, பவுலிடம் கொடுத்தாள். பவுல் கடலில் எத்தனையோ பார்த்தவன். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வாங்கினான். கல்லறைத் தோட்டத்தில் பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி அடக்கம் பண்ணினார்கள். ரீனா அப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள்.

அன்று சாயங்காலம் தலையணைக்குப் பக்கத்தில் போன் அதிர்ந்தது.

"ஏளா, என்ன சத்தத்தையே காணோம்? இன்னைக்கு என்ன கேம்?"

ரீனா போனை அப்படியே மாமியாரிடம் நீட்டினாள். இசபெல்லா படித்துவிட்டு, லேஞ்சித் துணியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள். பவுல்தான் உள்ளே வந்து கட்டிலோரம் நின்றான்.

"இப்பச் சொல்ல வேண்டாம்மா."

"அத்தான், அவுக கேக்காக."

"கேப்பான். அவன் தனியாக் கெடக்கான், சுத்தி ஒரு பயலும் நம்ம ஊருக்காரன் இல்ல. அந்த எடத்துல வச்சி இதக் கேட்டான்னா என்ன ஆவான்? நம்ம தெரு தேவபிரசாதத்துக்கு என்ன ஆச்சி? அப்பா செத்துட்டாருன்னு நடுக்கடல்ல வச்சித்தான் சொன்னாக. விடிஞ்சா ஆளு கப்பல்ல இல்ல. பெட்டி மட்டும்தான் வீடு வந்துச்சி." பவுல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சிங்கப்பூர் வரட்டும். கரைய பாத்ததும் நானே சொல்லுதேன். கம்பெனியிலயும் பேசிட்டேன், அங்கருந்து ஊருக்கு ஏத்தி விடுதோம்னு சொல்லுதாவ. அதுவரைக்கும் நீ எப்பவும் போல இரும்மா. அவன் உசுருக்காகக் கேக்கேன்."

எப்பவும் போல. ரீனா போனைத் திரும்ப வாங்கினாள். எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரிந்தன. கேரம் விளையாட்டு ஒன்றின் லிங்க்கை அனுப்பினாள். உடனே அவன் ஆடத் தொடங்கிவிட்டான்.

வீட்டுக்கு வந்த பிறகு பால் கட்டியது. குடிக்கப் பிள்ளை இல்லை என்பது உடம்புக்குத் தெரியவில்லை. பால் வற்றட்டும் என்று மாமியார் மல்லிகைப் பூவை வைத்து மார்பைத் துணியால் இறுகக் கட்டிவிட்டாள். ரவிக்கை நனைந்துகொண்டே இருந்தது. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ரீனா விளையாட்டு தேடினாள்.

இப்போது அவள் கணக்குகள் மாறிப்போயின. ஆட்டத்தின் பக்கத்திலேயே எழுதிப் பேசுகிற கட்டம் இருக்கக் கூடாது. ஒரு ஆட்டத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் இடைவெளி விடக் கூடாது. கை ஓய்ந்தால் அவன் கேட்பான். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை எழுதினாலும் அடுத்த வார்த்தையில் உடைந்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஒன்று முடிவதற்குள் அடுத்த லிங்க்கை எடுத்து வைத்துக்கொள்வாள். வாழ்நாளில் அவள் இவ்வளவு விளையாட்டு தேடியதில்லை. டெரன்ஸ் குஷியாகிவிட்டான்.

"லீவு போட்டுட்டியா? நாள் பூரா ஆன்லைன்லயே கெடக்க."

"ஆமா. ரெஸ்ட் எடுக்கச் சொன்னாக."

"நல்லது. பிள்ள உதைக்குதா?"

அவள் தாய விளையாட்டு ஒன்றை அனுப்பினாள்.

அவன் தொடர்ந்து ஜெயித்தான். முன்பெல்லாம் பத்துக்கு இரண்டு ஜெயிப்பதே அவனுக்குப் பெரிய பாடு. "வயித்துல பிள்ள இருந்தா மூளை மழுங்கிரும்னு எங்க சீஃப் குக் சொன்னான், சரியாத்தான் இருக்கு" என்று எழுதி, கூடவே சிரிக்கிற முகங்களை வரிசையாகப் போட்டான். ரீனாவும் ஒரு சிரிக்கிற முகத்தைப் போட்டாள். அதைப் போட்ட விரலை அவள் பிறகு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் வார்த்தை கண்டுபிடிக்கிற விளையாட்டு ஒன்றை அனுப்பினாள். உள்ளே போவதற்கு முன் அது பெயர் கேட்டது. எதையாவது அடித்தால் போதும். ரீனா திறந்தபோது எதிராளியின் பெயர் ஏற்கெனவே வந்திருந்தது: அப்பா.

அவள் தன் கட்டத்தில் 'ரீனா' என்று அடித்தாள்.

வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. "ஏளா, நான் என்ன போட்டிருக்கேன், நீ என்ன போட்டிருக்க? வெளிய வந்து சரியாப் போட்டுட்டு வா."

ரீனா எழுந்து குசினி வரை போனாள். இசபெல்லா அடுப்பில் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். மருமகளின் முகத்தைப் பார்த்து, "என்னம்மா?" என்றாள். ரீனா ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். 'அம்மா' என்று அடித்தாள். எதிரும் புதிருமாக அந்த இரண்டு பெயர்களும் திரையில் நின்றன. ஆட்டம் தொடங்கியது. முதல் வார்த்தையை அவன்தான் கண்டுபிடித்தான்.

கப்பல் சிங்கப்பூரை நெருங்கி நங்கூரம் போட்ட அன்று, பவுல் வீட்டு மாடிக்குப் போய் நின்று தம்பியிடம் பேசினான். கீழே இருந்த ரீனாவுக்குப் பவுலின் குரல் மட்டும் துண்டு துண்டாகக் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. பவுல் இறங்கி வந்து போனை அவளிடம் கொடுத்தான்.

அந்தப் பக்கம் இரைச்சலும் மூச்சும்தான் கேட்டன.

"எந்த நாள்?" என்று கேட்டான் டெரன்ஸ்.

சொன்னாள்.

அவன் உள்ளுக்குள் நாட்களைப் புரட்டிப் பார்க்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

"அன்னைக்குச் சாயங்காலம் கேரம் அனுப்புனியே."

"ஆமாங்க."

"அதுக்குப் பொறகுதான் அந்த வார்த்தை வெளாட்டு."

"ஆமா."

"அம்மான்னு போட்டியே, ரீனா."

அவள் வாயைத் திறந்தாள். பவுல் சொன்னதை, தேவபிரசாதத்தை, தான் கட்டிலில் கிடந்ததை எல்லாம் சொல்ல நினைத்தாள். அதற்குள் அவனே பேசினான்.

"எம் பிள்ளைய மண்ணுல வச்சிட்டு எங்கூட வெளாடிட்டு இருந்திருக்க. நான் கெக்கெக்கேன்னு சிரிச்சிட்டுக் கெடந்திருக்கேன்." அவன் குரல் உயரவில்லை. "என்னை என்ன ஆக்கிட்டீங்க எல்லாரும்?"

லைன் அறுந்தது.

கம்பெனி அவனை ஊருக்கு அனுப்பத் தயாராக இருந்தது. அவன்தான் வேண்டாம் என்றான். காண்ட்ராக்ட் முடித்துவிட்டு வருகிறேன் என்று அண்ணனுக்கு ஒரே வரி எழுதினான். ரீனாவுக்கு அதுவும் இல்லை. அவள் தினமும் ஒரு செய்தி அனுப்பினாள். "சாப்பிட்டீங்களா?" அவன் படித்ததாக இரண்டு நீலக் கோடு விழும்; அவ்வளவுதான்.

ரீனா வேலைக்குத் திரும்பினாள். டீ வந்தால் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்காக அவர்கள் படுகிற பாட்டை அவளால் தாங்க முடியவில்லை. ஒருநாள் சந்தனச்செல்வி மட்டும் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டாள்.

"எக்கா, நீ அவருக்கு நல்லதுதான நெனச்ச."

"அவுக சொன்னதுலயும் தப்பு இல்லளா" என்றாள் ரீனா. "எனக்கே அப்படித்தான் இருக்கு. பிள்ளைக்காக நான் ஒழுங்கா அழக்கூட இல்ல. நேரம் பூரா அடுத்தது என்ன, அடுத்தது என்னன்னு தேடிட்டே இருந்தேன்."

மழைக்காலம் தொடங்கிய பிறகு டெரன்ஸ் வந்தான். பவுல் போய் வாகைக்குளம் ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வந்தான். மெலிந்திருந்தான், தாடி வளர்ந்திருந்தது. அம்மாவைக் கட்டிப்பிடித்தான். ரீனாவைப் பார்த்துத் தலையசைத்தான். பெட்டியைக்கூடத் திறக்காமல், "எங்கன இருக்கு, காட்டு" என்றான்.

இரண்டு பேரும் நடந்தே போனார்கள். கல்லறைத் தோட்டத்தின் கடல் பக்கச் சுவரோரம் சின்னப் பிள்ளைகளுக்கென்று ஒரு வரிசை. பவுல் நட்டிருந்த மரச் சிலுவை மழையில் சாய்ந்திருந்தது. டெரன்ஸ் அதை நிமிர்த்திவிட்டு ஈர மண்ணிலேயே உட்கார்ந்தான். ரீனாவும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

சிலுவையைப் பார்த்தபடியே அவன் பேசினான்.

"உம்மேல கோவம்னுதான் நெனச்சிட்டு இருந்தேன். அது இல்ல. நான் சிரிச்சது பூராவும் எங் காதுலயே கேக்குது. மூளை மழுங்கிருச்சின்னு எழுதுனேனே. அத வாசிக்கும்போது நீ எப்படி இருந்திருப்ப?"

"சிரிச்ச முகம் போட்டேன்."

"தெரியும்."

அவன் மண்ணைக் கையால் தடவினான். "ஒரு போட்டோ எடுக்கணும்னு யாருக்குமே தோணலியா?"

"தோணலங்க."

"அப்ப நீ சொல்லு. யார் மாதிரி இருந்தா?"

ரீனா அதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. "நெத்தி உங்க நெத்தி" என்றாள். "அப்படியே ஏறுன நெத்தி. முடி நெறைய இருந்துச்சி. வெரல்ல நகம்கூட இருந்துச்சிங்க, சின்னதா. வாய் மட்டும் எங்க அம்மா மாதிரி."

அவன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். வெறும் சொல்லைக் கொண்டு முகத்தைக் கூட்டுகிறவன் போல.

"காது?"

ரீனா யோசித்தாள். எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

"பாக்கலங்க" என்றாள். "காத மூடித் துணி சுத்தியிருந்துச்சி. வெலக்கிப் பாக்கலாம்னு எனக்குத் தோணல. கொஞ்ச நேரந்தான் தந்தாக. நான் பாக்காம விட்டுட்டேன்."

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில் வராதது, போனைப் பிடித்துக்கொண்டிருந்த நாட்களில் வராதது, எல்லாம் சேர்த்து வந்தது. பக்கத்துக் கல்லறைக்கு மெழுகுவர்த்தி கொண்டு வந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்துவிட்டு விலகிப் போனது. டெரன்ஸ் நகர்ந்து வந்து அவளைப் பிடித்துக்கொண்டான். "பரவாயில்லளா" என்று சொல்ல வந்தவனுக்கு அந்த வார்த்தை வாயில் நிற்கவில்லை. அவனும் அழுதான். மழை மறுபடி தூற ஆரம்பித்தும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.