அரை நிமிடம் பிந்தி வரும் செபமாலை

1.
இந்தக் கதையை எனக்குத் தந்தவர் கேபிள் சிங்கராசா. தந்தார் என்பதுகூடப் பெரிய சொல். பேசாலையில் இன்னொரு வீட்டு வயரைக் கழற்றிய கோபத்தில் எங்கள் வாசல் படலையில் நின்று புலம்பினார்.

"எடித்தக்காவும் வெட்டச் சொல்லிப்போட்டா. மகன் கனடாவிலையிருந்து இன்ரர்நெற் ரீவி எடுத்துக் குடுத்திட்டானாம். அந்த ஒழுங்கையிலை இனி செலீனாக்கா மட்டுந்தான். அவவும் எடித்தக்காவிலை உள்ள கோவத்திலைதான் கேபிளை வைச்சிருக்கிறா."

கடைசி வசனத்தைக் கேட்டதும், "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோவன்" என்றேன். கதை வேண்டுமென்றால் நான் அப்படித்தான் கேட்பது.

2.
தொடக்கம், முதல் முயற்சி: பேசாலைக் கடற்கரையில் மாலை வெயில் படகுகளின் மேல்

(விட்டுவிட்டேன். இதில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெயிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?)

இரண்டாம் முயற்சி:

"அம்மா, எழுநூறு சானல் வரும்."

"எனக்கு ஒண்டு காணும், மில்ரன்."

"அந்த ஒண்டும் இதிலை வரும். நேரலையா வரும்."

இது நிற்கும்.

3.
அந்த ஒன்று, மன்னாரிலிருந்து ஆறரை மணிச் செபமாலையை ஒளிபரப்பும் ஒரு சின்னச் சானல். செபமாலையில் உருட்டும் ஒவ்வொரு மணிக்கும் சுவாமியார் செபத்தின் முதல் பாதியைச் சொல்வார். மறுபாதியை வீட்டிலிருப்பவர்கள் சொல்ல வேண்டும்.

எடித் வீட்டுக்குப் பக்கத்து வளவு செலீனாவுடையது. எடித்தின் காலஞ்சென்ற கணவருக்குத் தங்கை. எடித்தின் பேரனின் ஞானஸ்நானத்துக்குத் தன்னை ஞானத்தாயாகக் கேட்கவில்லை என்று ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. ஆனால் ஆறரைக்கு இரண்டு வீட்டு ரீவியிலும் ஒரே சுவாமியார். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பெண்கள் ஒரே மூச்சில் "புனித மரியே" என்பார்கள். ஒன்பது வருடத்தில் அவர்கள் சேர்ந்து சொன்னது இது ஒன்றுதான்.* எடித் அதற்காகத்தான் ஜன்னலைத் திறந்து வைப்பாள். இதை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை. எனக்குச் சொன்னாள் என்றும் எழுத முடியாது.

* ஒரு மாலைக்கு ஐம்பத்து மூன்று தடவை. சில புருஷன் பெண்சாதி ஒரு மாதத்தில் இவ்வளவு கதைப்பதில்லை.

4.
நேரலை என்று பெயர் வைத்தவரை எனக்குச் சந்திக்க ஆசை. சானல் இருப்பது பஸ்ஸில் அரை மணித் தூரத்தில். எடித்தின் புது இன்ரர்நெற் பெட்டிக்கு அது உலகத்தைச் சுற்றி, அரை நிமிடம் பிந்தி வந்தது. செலீனா செபமாலையின் அடுத்த மணிக்குப் போன பிறகுதான் எடித்தின் "புனித மரியே" எழும்பியது.

செலீனா சிங்கராசாவிடம்: "கேட்டனீங்களே? நான் சொல்லி முடியவிட்டுத் திருப்பிச் சொல்லுறா. என்னைப் பழிக்கிறா. செபத்திலையும் பழிப்போ?"

எடித் போனில் மில்ரனிடம்: "இதை றிமோட்டிலை முன்னுக்கு ஓட்டேலாதோ?"

"நேரலையை எப்பிடியம்மா ஓட்டுறது? இன்னும் நடக்கேல்லையே."

"பக்கத்து வீட்டிலை நடந்து முடிஞ்சுதடா."

"அரை நிமிசந்தானே. கடவுள் பொறுக்கமாட்டாரோ?"

"கடவுள் பொறுப்பார். செலீனா பொறுக்கமாட்டாள்."

(மில்ரனில் எனக்குச் சந்தேகம் உண்டு. கெட்ட பிள்ளை அல்ல. வர முடியாத பிள்ளைகள் பெட்டி அனுப்புவார்கள், பெட்டி வந்துவிட்டால் தாங்களே வந்ததுபோல்... சரி, அவனை விடுவோம். தாய்க்குப் பிடிக்காது.)

சிங்கராசா எடித்திடம் போய்க் கேட்டார். "கேபிளைத் திருப்பிப் போட்டுவிடட்டோ அக்கா?"

"வேண்டாம். செலீனாவுக்காகப் போட்டனெண்டு ஊர் கதைக்கும்."

"அப்ப உங்கடை ரீவி பிந்துதெண்டு அவவுக்குச் சொல்லிவிடட்டோ?"

"வாயைத் திறந்தியளோ, உங்களோடையும் கதைக்கமாட்டன்."

5.
முடிவு அ: சிங்கராசா வாயைத் திறக்கிறார். இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள்.

(சிங்கராசாவின் விருப்பம் இது. அவருக்கு ஒரு வாடிக்கை திரும்பக் கிடைக்கும்.)

முடிவு ஆ: செலீனாவும் பெட்டிக்கு மாறுகிறாள். இருவரும் சேர்ந்து பிந்துகிறார்கள்.

("நான் செத்தாலும் மாறமாட்டன்" என்கிறாள் செலீனா. அவளை மீறி எழுத எனக்குத் துணிவில்லை.)

6.
இதற்குமேல் சிங்கராசாவுக்குத் தெரியாது. என் காதில் விழுந்ததை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை எடித் ரீவியைப் போடவில்லை. கதிரையை வேலியடிக்குக் கொண்டுபோனாள். செலீனா வீட்டுச் சுவாமியாருக்கே மறுமொழி சொன்னால் குரல் சேருமல்லவா. அன்றைக்கென்று செலீனாவும், பழிப்பைக் கையும் களவுமாகப் பிடிக்க, எடித்தின் குரல் தெளிவாகக் கேட்கட்டுமென்று தன் ரீவியை நிறுத்திவிட்டு வேலியடியில் வந்து இருந்தாள்.

ஆறரை ஆயிற்று. இரண்டு வீட்டிலும் சத்தமில்லை. எடித் இருமினாள். அந்தப் பக்கமும் ஒரு இருமல்.

இருப்பது யாரென்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. கையில் மணி இருக்கிறது, தொடங்கி வைக்கச் சுவாமியார் இல்லை. முதல் பாதியைச் சொல்பவள் மற்றவளிடம் மறுபாதியைக் கேட்டவளாகிவிடுவாள். ஒன்பது வருடத்தில் முதலில் பேசியவள் அவளே என்றாகிவிடும்.

செலீனாவைச் சொல்ல வைத்துப் பார்த்தேன். "ஏன் நான்? மூத்தவ அவதானே."

எடித்தையும் பார்த்தேன். "கோவிச்சது அவள்தானே."

நான் இரண்டு பேருக்கும் வேண்டியவள். ஒருத்தியைத் தோற்கடித்துவிட்டு நாளைக்குக் கோயிலில் அவளின் முகத்தில் முழிக்க என்னால் ஏலாது. நீங்கள் வெளியாள். ஒருத்தியின் வாயை நீங்கள் திறவுங்கள். யாரென்றாலும் சரி, கெதியாகச் சொல்லுங்கள். செலீனாவின் கதிரை அசைகிறது, எழும்பப் போகிறாள்.