நான்காவது மாரடைப்பு

சித்தப்பா டாக்டரின் காதருகே குனிந்ததைப் பார்த்ததுமே, செத்துப்போன தம்பியின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற அக்காவுக்குப் புரிந்துவிட்டது. இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதச் சொல்கிறார்.

தம்பிக்கு இருபத்தாறு வயது. மூட்டை தூக்கி முதுகு விட்டுப்போனபோது கொடுத்த வலி மாத்திரையில் ஆரம்பித்தது. வலி போய்விட்டது, மாத்திரை போகவில்லை. பிறகு அதுவே ஊசியானது. இன்று காலை குளியலறையில் உதடு நீலம் பாரித்துக் கிடந்தான். மூக்கில் அடித்தால் மூச்சைத் திருப்பும் மருந்து தெருமுனைப் போதைத் தடுப்பு மையத்தில் இருக்கும். மையத்தை மூடி ஒரு மாதமாகிறது என்று தெரிந்தும் அவள் கால் அங்கேதான் ஓடியது. இறங்கிக் கிடந்த ஷட்டரில் அன்று ஒட்டிய அதே தாள்: இப்பகுதியில் ஓராண்டாகப் போதை மரணம் எதுவும் பதிவாகாததால் அரசு நிதி நிறுத்தப்படுகிறது.

எப்படிப் பதிவாகும்? டெய்லர் மகன், வெல்டர், பள்ளி வேன் டிரைவர், மூவருக்கும் மாரடைப்பு. மூன்று சான்றிதழுக்கும் அலைந்தவர் தெருச் சங்கச் செயலாளரான இதே சித்தப்பாதான். மானத்தைக் காப்பாற்றியதற்காக அவருக்குச் சால்வை போடாததுதான் குறை.

அவள் நேராக மேசைக்குப் போனாள். "என்ன நடந்துச்சோ அத எழுதுங்க டாக்டர்."

சித்தப்பா பல்லைக் கடித்தார். "நாலு எழுத்து படிச்சுட்டா வாய் நீளுமா? செத்தவன் மேல சேத்தப் பூசாத."

"நம்ம தெருவுல மட்டும் எல்லாருக்கும் இதயம் வீக்கா சித்தப்பா? அந்த ஷட்டர இறக்குனதே நீங்க எழுதி வாங்குன மூணு பொய்தான். வெளிய பெஞ்சுல அவன் கூட்டாளி, அந்தக் குட்டைப் பய, அதே ஊசியில சொக்கிப்போய் உக்காந்திருக்கான், போய்ப் பாருங்க. அடுத்த மாரடைப்பு."

அவர் கையை ஓங்கினார். அம்மா தடுக்கவில்லை.

உண்மையை எழுதினால் போலீஸ் வரும், உடலை அறுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர், பேனாவைப் பார்த்தபடி.

"அவன அறுக்கணுமாடி?" என்றாள் அம்மா.

அவள் கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள்.

"ஆமாம்மா."

டாக்டர் எழுதினார். சித்தப்பா யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

பிணவறைக்கு வெளியே வரிசையாக நாற்காலிகள். அம்மா உட்கார்ந்து, அக்கா நெருங்கியதும் பக்கத்து நாற்காலியில் தன் பையை வைத்தாள். எதிர்ப்பக்கப் பெஞ்சில் சுவரோடு சாய்ந்து கிடந்த குட்டை, கண்ணைத் திறக்காமலே சற்று நகர்ந்து அக்காவுக்கு இடம் விட்டான். அவள் உட்காரவில்லை. அவன் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.