கவிழ்த்து வைத்த மங்குகள்

டாக்டர் கார்த்திகேசுவுக்குத் தமிழ் தெரியாது என்று சொன்னால் கோபம் வரும். தெரிந்த தமிழோ, ஆயாவிடம் தேநீர் கேட்கும் அளவுக்குத்தான். அதனால்தான் 1986இல், பட்டம் வாங்கியும் வேலையில்லாமல் குனோங் ராபாட்டில் கிடந்த என்னைப் பிடித்தார். பயங்கரம் கண்டவர்களிடம் கேட்க இங்கிலீஷில் பதினேழு கேள்விகள். நான் தமிழாக்க வேண்டும். போதிய புள்ளி வந்தால், மனம் பாதித்திருக்கிறது என்று அவர் கடிதம் கொடுப்பார்.

இருளாயி அக்காவுக்கு அந்தக் கடிதம் வேண்டும். பத்து காஜா ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிறாள். ஏழு மாதத்துக்கு முன் அவள் கண்ணெதிரே மரம் சாய்ந்து புருஷன் சின்னையா செத்துப்போனார். நிர்வாகம் அவளை இன்னும் அதே நிரையில்தான், அந்த மரம் நின்ற வரிசையில்தான் விட்டிருக்கிறது. ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்க்க மாற்றினால் போதும் என்கிறாள். டாக்டர் கடிதம் இல்லாமல் முடியாதாம்.

ஒன்பதாம் கேள்வியைப் படித்தேன். "நடந்ததை நினைவூட்டும் இடத்துக்குப் போகாமல் இருக்கிறீர்களா?"

"போவாம? தெனமும் அங்கதானே வெட்டு."

டாக்டர் சுழியம் போட்டார். வேண்டிய மொத்தத்துக்கு ஒரு புள்ளி குறைந்தது. கடிதம் இல்லை.

"போகலைன்னா தோட்டம் குடுத்த லயத்து வீட்டக் காலி பண்ணச் சொல்லுவாங்க டாக்டர். இந்தக் கேள்விய எழுதினவனுக்கு அது தெரியுமா?" என்று கேட்டேன்.

"உன் வேலை மொழிபெயர்ப்பு," என்றார் இங்கிலீஷில்.

மறுநாள் காலை அவளோடு நிரைக்குப் போனேன். பதினைந்து வயதுவரை அம்மாவோடு தோட்டத்தில் பால் மங்கு துடைத்தவள் நான். ஒரே பார்வை போதும். சாய்ந்த மரத்தின் அடிக்கட்டையைச் சுற்றிப் பன்னிரண்டு மரங்களில் புது வெட்டே இல்லை. பால் பிடிக்கும் மங்குகள் கவிழ்ந்திருந்தன. குறையும் பாலை ஈடுகட்ட, மற்ற மரங்களைக் காயம் படும் அளவுக்கு ஆழமாக வெட்டியிருந்தாள்.

"இதுதாங்க்கா பதிலு! ஏன் சொல்லல?"

"மூளை இருக்கா ஒனக்கு? அந்தக் காகிதம் ஆபீசுக்குத்தானே போவும்? கங்காணி வந்து மரத்தப் பாத்தான்னா என் பேர வெட்டிருவான். ஆயாக்கொட்டகையா குடுப்பான்?"

மதியம் நேராக டாக்டர் அறைக்குப் போனேன்.

மறுபடி கேட்டதில் ஒன்பதாம் கேள்விக்குப் பதில் மாறிவிட்டது என்று டாக்டரிடம் சொன்னேன்.

"உதாரணம்?"

"புருஷனைப் புதைத்த இடத்துப் பக்கமே போவதில்லை," என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். பச்சைப் பொய். வெள்ளிக்கிழமை தவறாமல் பூ வைத்துவிட்டு வருகிறாள்.

"பார்த்தாயா? கேள்வியில் குறையே இல்லை. நீதான் சரியாகக் கேட்கவில்லை." சிரித்தபடி கையெழுத்துப் போட்டார். அந்தப் பேனாவைப் பிடுங்கி ஒடிக்கலாம் போலிருந்தது. கடிதத்தை மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

லயத்தில் அதைக் கொடுத்து, எழுதியதையும் சொன்னேன். "வேலைய மாத்துற வரைக்கும் சவக்காட்டுப் பக்கம் போவாதக்கா. யாராச்சும் ஆபீசுல போய்ச் சொல்லிருவாங்க."

இருளாயி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மரத்துக்கிட்ட தெனமும் போவணும். அவருகிட்ட மட்டும் போவக்கூடாது. நல்லாத்தான் படிச்சிருக்கே லா."

கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.