வைக்கோல் முகத்துக்கு ஒரு பெயர்

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மதியம் என் அண்ணன் வீட்டுக்குள் ஆடிக்கொண்டே நுழைந்தேன். பதினோரு வருடமாக அப்படித்தான் நுழைகிறேன். மற்ற நாட்களில் அந்த வாசலில் எனக்கு நாய்தான் பதில் சொல்லும். இன்று மட்டும், தலையிலிருந்து இடுப்பு வரை வைக்கோல் கூடு மாட்டி, குச்சியில் கட்டிய குருவியும் மேளமுமாக வருகிறவனை எங்கள் கெர்ரி மாவட்டத்தில் எவரும் வெளியே நிறுத்துவதில்லை. நிறுத்தினால் குருவியை வாசலில் புதைத்துவிடுவோம்; அந்த வீட்டுக்கு வருடம் முழுக்கத் தரித்திரம். தாத்தா காலத்தில் நிஜக் குருவியை அடித்துக் கட்டினார்கள். எங்களுடையது மரக்குருவி. பயம் மட்டும் இன்னும் அசல்தான்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு விதியும் உண்டு. கூட்டுக்குள் இருப்பவன் வாய் திறக்கக் கூடாது. வீட்டுக்காரர் ஆள் யாரென்று யூகிப்பார். பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டால், கூட்டைக் கழற்றி உட்கார்ந்து ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

எங்கள் அப்பா மாட்டு வியாபாரி. விற்கிறவன் கண்ணில் அவசரம் தெரிந்தால் விலையைப் பாதியாக்கு என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர். அந்தப் பாடத்தை நான் அண்ணனிடமே காட்டினேன். வங்கிக்காரன் அவன் கழுத்தைப் பிடித்த வாரம், ஓடையோரத்து வயலைப் பாதி விலைக்கு வாங்கி, மூன்றே மாதத்தில் ஒரு வெளியூர்க்காரனுக்குக் கைமாற்றினேன். வியாபாரத்தில் அது தப்பே இல்லை. அப்பா இருந்திருந்தால் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பார்.

இந்த வருடம் அண்ணன் ஃபாக்னா அடுப்பருகே போர்வைக்குள் எலும்பாக உட்கார்ந்திருந்தான். அடுத்த குளிரைப் பார்க்க மாட்டான் என்று ஊரே பேசிக்கொள்கிறது. அவன் வாயால் என் பெயர் வர வேண்டும். நான் வந்தது அதற்குத்தான்.

"யாருடி இந்த நொண்டி?" என்று அண்ணி பிரீஜிடம் கேட்டான்.

பன்னிரண்டு வயதில் கழுதையிலிருந்து விழுந்து வளைந்த கால் இது. அன்று என்னை முதுகில் சுமந்து வைத்தியரிடம் ஓடியவனே அவன்தான்.

"நீயே சொல்லு. ஊர்ல எத்தனை நொண்டி இருக்கான்?" என்றாள் அண்ணி.

"கான்."

தலையாட்டி மறுத்தேன். வைக்கோல் உதிர்ந்தது.

"மைக்கோ."

"அவன் செத்து நாலு வருஷமாச்சு."

"அதுக்கென்ன? இன்னிக்கு யாரு வேணா வரலாமே."

தெருவில் இருப்பவர்கள் பெயரையெல்லாம் சொன்னான். பிறகு கல்லறையில் இருப்பவர்களைச் சொன்னான். என்னோடு வந்த மேளக்கார டெனி அடிப்பதை நிறுத்திவிட்டான்.

"இன்னும் ஒருத்தன் பாக்கி, ஃபாக்னா," என்றாள் அண்ணி.

அவன் நேராக வைக்கோல் இடுக்கில் என் கண்களைப் பார்த்தான். விலை படியாதபோது அப்பா பார்க்கும் பார்வை.

"தெரியல. யாரோ வெளியூர்க்காரன். காசு போட்டு அனுப்பு."

என் கை கூட்டின் விளிம்புக்குப் போனது.

"கழட்டாத," என்றான் மெதுவாக. "கழட்டினா நான் எழுந்து துரத்தணும். எழுந்திரிக்க முடியல."

டெனி மறுபடியும் மேளத்தைத் தட்டினான். ஒரு சுற்று ஆடிவிட்டு வெளியே வந்தேன். ஜன்னல் வழியே பார்த்தபோது, தரையில் உதிர்ந்த வைக்கோலை அண்ணி கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். ஃபாக்னா கை நீட்டி அதை வாங்கி, மடியில் வைத்து, ஒவ்வொரு துண்டாக நெருப்பில் போட்டான். ஒன்று எரிந்து முடிந்த பிறகே அடுத்ததை எடுத்தான்.