கடைவாய்ப் பாறைக்குப் போன படகு

போக்காஸ் தீவுகளில், அலை எங்கே நன்றாக அடிக்கிறது என்று படகுத்துறையில் நின்று கேட்பவனைப் போல வெகுளி உலகத்தில் கிடையாது. கேட்டால் பதில் வரும். சிரித்த முகத்தோடு, கை நீட்டித் திசை காட்டி, காற்று எத்தனை மணிக்குத் திரும்பும் என்பது வரைக்கும் வரும். அதில் ஒரு சொல்கூட உண்மையாக இருக்காது. அலைப்பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியூரிலிருந்து வருகிறவர்களை அப்படித்தான் அலையில்லாத கரைகளுக்கு அனுப்பி வைத்தார்கள். இந்த வேலையில் வாய் கூசாத முதல் ஆள், பாஸ்திமெந்தோஸ் தீவுக்காரன் ஒவீடியோ. இருபது வருடமாகப் படகோட்டுகிறான். அவன் தெற்கே கை காட்டினால் அலை வடக்கே இருக்கிறது என்று துறைநாய்க்குக்கூடத் தெரியும்.

அப்பேர்ப்பட்டவன் அன்று காலை ஒரு அலையை நிஜமாகவே தேடிக்கொண்டிருந்தான். மகளுக்காக. நெரிடாவுக்குப் பத்தொன்பது வயது. அலையேறும் நாட்டு அணியில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. பாறைமேல் உடைகிற அலையில், சுருளின் உள்ளே புகுந்து வெளியே வருகிற வீடியோ ஒன்றை அனுப்பு, பார்த்துச் சொல்கிறோம் என்று தலைநகரிலிருந்து எழுதியிருந்தார்கள். அனுப்ப வேண்டிய கடைசி நாள் இன்று, மாலை ஐந்து மணிக்குள். மூன்று வாரமாகக் கடல் தட்டில் ஊற்றிய சூப் மாதிரி கிடந்தது. நேற்றுதான் வடகிழக்கிலிருந்து எழும்ப ஆரம்பித்திருந்தது.

வடகிழக்கு அலை என்றால் கரெனேரோ முனையில் அது கொழகொழவென்று போய்விடும். போதாததற்கு இருபது பேர் முழங்கையால் இடித்துக்கொண்டு மிதப்பார்கள். பிளஃப் கடற்கரையில் அலை முழுச்சுவராக ஒரே நேரத்தில் இடிந்து விழும். உள்ளே புக இடமிருக்காது, முதுகு உடையத்தான் இடமிருக்கும். மிச்சம் இருந்தது ஒன்றுதான். பாஸ்திமெந்தோஸின் பின்பக்கம், எந்த வரைபடத்திலும் பெயர் போடாத பாறை. ஊர்க்காரர்கள் அதைக் கடைவாய் என்பார்கள். பத்து மணிக்குக் காற்று திரும்பும் வரைக்கும் அங்கே அலை சுருளும், நிச்சயமாகச் சுருளும்.

ஆனால் கடைவாய்க்கு இரண்டு சட்டம் உண்டு. அதன் பெயரைத் துறையில் சொல்லக் கூடாது. அங்கே கேமரா கொண்டுபோகக் கூடாது. படம் வெளியே போனால் அடுத்த வாரமே நாற்பது படகு வந்து நிற்கும். இரண்டாவது சட்டத்தைப் போட்டவன் சாட்சாத் ஒவீடியோதான். நான்கு வருடத்துக்கு முன் ஒரு வெளியூர்க்காரனின் கேமராவைப் பிடுங்கி அவனே கடலில் எறிந்தான். ஊரே கைதட்டியது.

இன்று அவன் படகில் மரவள்ளிக் கிழங்குச் சாக்குக்கு உள்ளே இரவல் கேமரா ஒன்று இருந்தது. நேற்று சாயங்காலம் சித்தப்பா மகன் சிப்ரியானோவிடம், "நாளைக்குக் கரெனேரோ போங்கடா, மத்த இடமெல்லாம் காத்து கெடுத்துரும்" என்றும் சொல்லியிருந்தான். சொந்த ஊர்க்காரனிடம் அவன் சொன்ன முதல் பொய் அது. கொஞ்சம் உறுத்தியது. மகள் பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் உறுத்தல் போய்விட்டது.

பெட்ரோல் போட டவுன் துறையில் ஒதுங்கியபோதுதான் ரோஸ்கோ பிடித்துக்கொண்டான். கலிஃபோர்னியாக்காரன்; அலையேற வருகிறவர்களுக்கு விடுதி நடத்துகிறான். அவனுடைய பெரிய படகில் பதினான்கு பேர் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்று வருடமாக ஒவீடியோ படகின் வாலைப் பிடித்துக்கொண்டு அலைவதுதான் அவன் பிழைப்பு.

"என்ன கேப்டன், மகளையும் கூட்டிக்கிட்டு இவ்வளவு காலைல? எங்க?"

"உனக்கெதுக்கு?"

"சும்மாதான். நீ எங்க போறியோ நாங்களும் அங்க. கடல் என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?"

"ஆமா. உங்கப்பன் வந்து கேட்டாலும் தர மாட்டேன்."

பதினான்கு பேரும் சிரித்தார்கள். பதில் சொல்லாமல் போனால் பின்னாலேயே வருவான். பொய் சொன்னாலும் பொய் என்று தெரிந்துகொண்டு பின்னாலேயே வருவான். அந்தக் கணத்தில் அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. பொய்யன் ஒருவனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை.

"கடைவாய்க்குப் போறோம்," என்றான். நன்றாகச் சத்தமாகவே சொன்னான்.

பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தவன் கை அப்படியே நின்றது. ரோஸ்கோ ஒரு நொடி வாயைப் பிளந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"மூணு வருஷமா அந்த இடத்தைக் காட்டச் சொல்லி உன் கால்ல விழாத குறை. அப்பல்லாம் அப்படி ஒரு இடமே இல்லன்னுட்டு, இன்னைக்குக் கேக்காமலே எடுத்து நீட்டுறியா? என் நெத்தில மடையன்னு எழுதியிருக்கா?" தன் ஆட்கள் பக்கம் திரும்பினான். "இவன் அந்தப் பக்கம் இழுக்குறான்னா அலை இந்தப் பக்கம் இருக்கு. பிளஃப்புக்கு விடு!"

பெரிய படகு நுரை கிளப்பிக்கொண்டு போனது. முதுகு உடையட்டும் என்று ஒவீடியோ மனதார வாழ்த்தினான். திரும்பினால், டிரம்களுக்குப் பின்னால் கையில் கேனோடு சிப்ரியானோ நின்றுகொண்டிருந்தான். படகில் கிடந்த நெரிடாவின் நீளப் பலகையைப் பார்த்தான். பெரிய பாறை அலைக்கு மட்டும் எடுக்கிற பலகை அது. தண்ணீரில் காறித் துப்பிவிட்டு நடந்தான்.

"சிப்ரியானோ சித்தப்பா கேட்டுட்டாருப்பா," என்றாள் நெரிடா, படகு துறையைத் தாண்டியதும்.

"கேக்கட்டும். நான் சொன்னா எவன் நம்புறான்?"

"ரோஸ்கோ நம்ப மாட்டான். சித்தப்பாவுக்கு உங்க பொய்க்குரல் தெரியும். நீங்க சொன்னது அந்தக் குரல்ல இல்ல."

அவன் எஞ்சினை இன்னும் முறுக்கினான்.

கடைவாய் அன்று அப்படி இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, பார்த்தவுடன் ஒவீடியோ எஞ்சினை அணைத்துவிட்டான். பச்சைக் கண்ணாடியாக எழும்பி, பாறைமேல் வந்ததும் உதட்டை நீட்டி, வலப்பக்கமாகச் சுருண்டு சுருண்டு போனது. ஒரு ஈ காக்கை இல்லை. நெரிடா தண்ணீரில் குதித்து, கைகளால் துழாவிப் போய், அலை உடைகிற முனையில் உட்கார்ந்தாள். ஒவீடியோ கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தான்.

முதல் அலை அவளை எட்டும் முன்னே எஞ்சின் சத்தம் கேட்டது. சிப்ரியானோவின் படகு. அவனோடு தம்பிகள் மூன்று பேர். நால்வரும் பலகையோடு குதித்தார்கள். நெரிடாவைத் தாண்டிப் போய், முனைக்கு அவளைவிட நெருக்கமாக உட்கார்ந்தார்கள். முனைக்கு யார் நெருக்கமோ அலை அவருக்கு. எந்தக் கடலிலும் அதுதான் வழக்கம்.

அலை வந்தது. ஒரு தம்பி துழாவினான், எழுந்திருக்கப் போனான், கடைசி நொடியில் விட்டுவிட்டான். அலை யாருமில்லாமல் சுருண்டு போனது. அடுத்தது வந்தது, இன்னொரு தம்பி அதையே செய்தான். அவர்களும் ஏறவில்லை, அவளையும் ஏறவிடவில்லை. வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் வருகிற அலைகளை ஒவ்வொன்றாகக் குப்பையில் கொட்டினார்கள். ஒவீடியோவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

"டேய் சிப்ரியானோ! மனுஷனாடா நீ? சின்னப் பொண்ணுகிட்டயா உன் வீரத்தைக் காட்டுற?"

"வாங்கண்ணே, பேசலாம்!" சிப்ரியானோ பலகைமேல் நிமிர்ந்து உட்கார்ந்தான். "எங்களைக் கரெனேரோவுக்கு அனுப்புனீங்க. சரி, போகட்டும். வெளியூர்க்காரன் முன்னாடி பேரைச் சொன்னீங்க. இப்போ கையில என்ன அது? கிழங்கா?"

"அவளுக்கு ஒரே ஒரு அலைதான்டா வேணும். இன்னைக்குள்ள அனுப்பணும். உனக்கும் மகதானடா அவ!"

"மகதான். அதனாலதான் தண்ணியில முக்காம விட்டிருக்கேன். நாலு வருஷம் முன்ன ஒருத்தன் கேமராவைக் கடல்ல எறிஞ்சீங்களே, அவன் மட்டும் அழலையா? உங்க சட்டம் உங்க வீட்டுக்குள்ள வராதா?"

ஒவீடியோ கேமராவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"அவ எத்தனை அலை வேணாலும் எடுத்துக்கட்டும், நாங்க நகந்துக்கறோம்," என்றான் சிப்ரியானோ. "கேமராவைக் கீழ வைங்க."

மணி ஒன்பதே முக்கால். தண்ணீர்மேல் காற்றின் முதல் சிலிர்ப்பு ஓடிவிட்டது. இன்னும் ஒரு வரிசை அலை வரும், அவ்வளவுதான். நெரிடா திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

"வைங்கப்பா!" என்று கத்தினாள். "சாக்குல போட்டு வைங்க!"

"சரிடா, வைக்கிறேன்," என்று அவன் சாக்கை எடுத்தான். அதில் எலி கடித்த ஓட்டை ஒன்று, சரியாகக் கேமராவின் கண்ணாடி அளவுக்கு இருந்தது. உள்ளே வைத்து ஓடவிட்டால், அவ்வளவு தூரத்திலிருந்து ஒருவனுக்கும் தெரியாது. இருபது வருடப் பழக்கம் விரலைத் தள்ளியது. ஆனால் சிப்ரியானோ கேட்ட கேள்வி நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றது. வெட்கமாக இருந்தது. ஒரு தடவையாவது சொன்ன சொல்லுக்கு நிற்போம் என்று பொத்தானை அமுக்கி அணைத்தான். சாக்கின் வாயைக் கட்டினான். இரண்டு கையையும் உயரத் தூக்கிக் காட்டினான். அப்போது அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நால்வரும் சொன்னபடி விலகினார்கள்.

பெரியது வந்தது. நெரிடா இரண்டே துழாவலில் பிடித்தாள். விழுகிற சரிவில் எழுந்து நின்று, பலகையைத் திருப்பி, ஒரு கையை அலையின் சுவரில் பதித்தாள். உதடு அவள் தலைக்கு மேல் மூடியது. ஆளைக் காணவில்லை. ஒவீடியோ எண்ணினான்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. போய்விட்டாள் என்று அவன் நினைத்த நேரத்தில், சுருளின் அந்தப் பக்க வாயிலிருந்து தெறித்த சாரலோடு, நிமிர்ந்து நின்றபடியே வெளியே வந்தாள். சிப்ரியானோ தன்னை மறந்து தண்ணீரை உள்ளங்கையால் அறைந்து கூவினான். ஒவீடியோ படகில் நின்றபடி அழுதான்.

அதற்குள் காற்று வந்து கடலைக் கலைத்துவிட்டது. நெரிடா நேராகப் படகுக்கு வந்து ஏறினாள். மற்றவர்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு அவன் காதோரம் கேட்டாள்.

"நல்லா விழுந்திருக்காப்பா? ஓட்டை போதுமா இருந்துச்சா?"

"எது?"

"நடிக்காதீங்க. சாக்குல போடுங்கன்னு எதுக்குக் கத்தினேன்?"

"நான் அணைச்சுட்டேன்மா."

அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். சாக்கை அவிழ்த்துக் கேமராவை எடுத்துப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். பிறகு அவள் முகம் மாறியதை ஒவீடியோவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"ஊரெல்லாம் பொய் சொன்னீங்க," என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. "சித்தப்பாகிட்ட சொன்னீங்க. எனக்காக இன்னும் ஒண்ணு சொல்ல வரலையா உங்களுக்கு?"

"வாக்கு குடுத்தேன்மா. அவங்க முன்னாடி..."

"யாருக்குக் குடுத்தீங்க? எனக்கா?"

சிப்ரியானோவின் படகு பக்கத்தில் வந்து ஒட்டியது. அவன் எட்டி ஒவீடியோவின் தோளில் தட்டினான். "நல்ல பொண்ணைப் பெத்திருக்கீங்கண்ணே. இன்னைக்குத்தான் நீங்க எங்க ஆளு," என்றான். நெரிடா அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பலகையை வீசி எறிந்துவிட்டு படகின் முன்முனையில் போய் உட்கார்ந்தாள்.

ஒவீடியோ எஞ்சினைக் கிளப்பினான். வெகுநேரம் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு ஓட்டினான். கரெனேரோ முனை தெரிந்தபோதுதான் வாயைத் திறந்தான்.

"அடுத்த வருஷம் கண்டிப்பா உன்னைக் கூப்பிடுவாங்கம்மா."

"பொய் சொல்லாதீங்கப்பா," என்றாள் நெரிடா.