செவ்வாய்க்கிழமை இரத்தம்

"விற்றமின் டி எடுங்க டெனிஷா. சோதனைக் கிட் லேப்ல சும்மா கிடக்குது. ஆறு மாசத்துல முடிஞ்சிரும்," என்றார் ஸ்ரீனிவாஸ் சேர்.

மருத்துவ ஆய்வுகூடப் படிப்பின் இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புக் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். வளாகத்தில் ஆளைப் பிடிக்க முடியாமல் வெள்ளவத்தையில் அவர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள் டெனிஷா.

"விற்றமின் வேண்டாம் சேர். இரத்தம் காத்துக் கிடந்தா சீனி எவ்வளவு குறையுது எண்டு பாக்கவேணும். எங்கட கொட்டாஞ்சேனையில நடக்கிறது அதுதான்."

செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் கோயிலுக்குப் போகிற சனம், வழியிலுள்ள தனியார் லேப் ஒன்றில் சீனி பார்க்க வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுத்துவிட்டுப் போகும். கூட்டம் ஓயும்வரை குழாய்கள் புழுக்கத்தில் கிடக்கும். மத்தியானம்தான் மோட்டார் சைக்கிள் வந்து சோதிக்கும் இடத்துக்கு அள்ளிக்கொண்டு போகும். குழாய்க்குள் இரத்த அணுக்கள் சும்மா இருக்குமா? சீனியைத் தின்றுகொண்டே இருக்கும். றிப்போட்டில் சீனி குறைந்து வரும். டெனிஷாவின் அம்மா ஐறீன் அதை அந்தோனியார் தந்த வரமென்று மெழுகுதிரி கொளுத்தினாள், சீனி வருத்தத்துக்குப் போடும் குளிசையையும் பாதியாக்கிவிட்டாள்.

"அந்த லேப்ல அனுமதி தரமாட்டாங்க. இது ஆராய்ச்சியா, சண்டையா?" சேர் சிரித்தார்.

டெனிஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவங்கட லேப் ஆருக்கு வேணும்? எங்கட பட்ச்சில விருப்பமான ஆக்களிட்ட எடுக்கிறன். ஒரே ஆள், ஒரே ஊசி, ரெண்டு ரியூப். ஒண்டை உடன பாக்கிறது. மற்றதை மத்தியானம் வரைக்கும் வெளியில வச்சுப் பாக்கிறது."

சேரின் சிரிப்பு நின்றது. "எதிக்ஸ் கமிட்டி கேள்வி கேக்கும்."

"கேக்கட்டும்."

"முடிவு வர ஒரு வருஷம் போகும். தலைப்புல கொட்டாஞ்சேனை வரக்கூடாது," என்றபடி பேனையைத் தேடினார்.

கையெழுத்துக் கிடைத்தும் பஸ்ஸில் அவளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. ஒரு வருஷம்! அதுவரை அம்மா பாதிக் குளிசையிலா இருப்பாள்?

செருப்பைக் கழற்றமுதலே தொடங்கிவிட்டாள். "அம்மா, உங்கட சீனி குறையேல்ல. ரியூப்ல கிடந்துதான் குறைஞ்சது."

"வாயைக் கழுவடி! நாலு எழுத்துப் படிச்சவுடன அந்தோனியாரையும் சோதிப்பியோ?"

"அவரை விடுங்க. நாளைக்கு வெறும் வயித்தோட என்னோட கம்பஸ் லேபுக்கு வாங்க. நானே எடுத்து அங்கேயே உடன பாக்கிறன். கூடவா இருந்தா முழுக் குளிசை."

"குறைவா இருந்தா?"

டெனிஷா யோசிக்கவேயில்லை. "வாற செவ்வாய் உங்களோட நானும் கோயிலுக்கு வாறன்."

எத்தனை வருஷமாகக் கூப்பிட்டும் வராதவள். ஐறீன் மகளை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, வாறன்."

இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது ஐறீன் பசியில்லை என்றாள்.

டெனிஷா சோற்றைப் போட்டுத் தட்டை அவள் முன்னால் தள்ளினாள். "பட்டினி கிடந்து சீனியைக் குறைச்சு அளாப்பக் கூடாது அம்மா. வழமை போலச் சாப்பிடுங்க."